பூச்சிக்கு நாள் கணக்கு இல்லை, சூட்டுக் கணக்குதான்

சங்கரன்கோவிலுக்கு வடக்கே கரிசல் காட்டில் மக்காச்சோளம் போடும் உறவினர் ஒருவர், சென்ற பங்குனியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "மார்கழியில் இருபது நாள் இடைவெளி விட்டு மருந்தடித்தேன், புழு அடங்கியது. இப்போதும் அதே மருந்து, அதே இருபது நாள்தான் தம்பி. குருத்துக்குள் கையை விட்டால் மரத்தூள் மாதிரி எச்சம்தான் வருகிறது. மருந்து போலியா, நான் அடித்தது தப்பா?"

மருந்தும் சரி, அவர் அடித்த முறையும் சரி. அவர் வைத்திருந்த நாட்காட்டிதான் பூச்சிக்குப் பொருந்தாதது. மனிதருக்கு மார்கழியிலும் இருபது நாள் இருபது நாள்தான், பங்குனியிலும் அப்படித்தான். புழுவுக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. இந்த ஒரு செய்தி நம் விவசாயிகளுக்குப் போய்ச் சேராமல் இருப்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நமக்கு உடம்புச் சூடு 37 டிகிரி செல்சியஸ். வெளியில் மார்கழிப் பனி பெய்தாலும் கத்திரி வெயில் காய்ந்தாலும் உள்ளே சாப்பாட்டை எரித்து அதைக் காப்பாற்றிக்கொள்கிறோம். பூச்சிக்கு அந்த வசதி கிடையாது. அது உட்கார்ந்திருக்கும் இலைக்கு என்ன சூடோ, கிட்டத்தட்ட அதுதான் அதன் உடம்புச் சூடு. முட்டைக்குள் கரு வளர்வதும், புழு தோலுரிப்பதும், கூட்டுப்புழு அந்துப்பூச்சியாக மாறுவதும் எல்லாமே நொதிகள் நடத்தும் வேதிவினைகள். சூடு ஏறினால் அவை வேகமாக நடக்கும். பல உயிர்வினைகள் 10 டிகிரி கூடும்போது ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம் எடுக்கின்றன. ஆகவே பூச்சியின் வயதை நாளால் அளப்பது, பஸ் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை வேகத்தைப் பார்க்காமல் கடிகாரத்தை மட்டும் பார்த்துச் சொல்வது போன்றது.

இதை முதலில் கணக்காகச் சொன்னவர் பிரான்சைச் சேர்ந்த ரெயோமூர். 1735இல் அவர் சொன்னது பயிர் விளைவதைப் பற்றி: நாட்களை எண்ண வேண்டாம், ஒவ்வொரு நாளின் வெப்பத்தையும் கூட்டிக்கொண்டே வாருங்கள், குறிப்பிட்ட தொகை சேர்ந்ததும் பயிர் முற்றும். பூச்சிகளையும் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் அவர். பிற்காலத்தார் அந்தக் கூட்டலைப் பூச்சிக்கும் கொண்டுவந்து, ஒரு திருத்தமும் செய்தார்கள். ஒவ்வொரு பூச்சிக்கும் ஓர் அடிக்கோடு உண்டு. வெப்பம் அதற்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். ஆகவே அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் சூட்டை மட்டுமே கூட்ட வேண்டும்.

மக்காச்சோளப் படைப்புழுவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான இது இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 2018 மே மாதம், கர்நாடகத்தின் சிவமொக்காவில். அந்த ஆண்டே தமிழ்நாட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இதன் அடிக்கோடு சுமார் 13 டிகிரி. முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வெளிவருவதற்குச் சேர வேண்டிய சூடு சுமார் 390 அலகு (அடிக்கோட்டுக்கு மேல் ஒரு டிகிரி ஒரு நாள் நின்றால் ஓர் அலகு). ஆய்வகத்தில் 18 டிகிரியில் வளர்த்தபோது ஒரு தலைமுறைக்கு 71 நாள் பிடித்தது. 32 டிகிரியில் 20 நாளே போதுமானதாக இருந்தது.

இனி நம் ஊர்க் கணக்கு. மார்கழியில் ஒரு நாள் பகலில் 30, இரவில் 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 26. அதில் 13ஐக் கழித்தால் மிச்சம் 13. அன்றைக்குப் புழுவின் கணக்கில் வரவு 13 அலகு. 390 சேர 30 நாள் ஆகும். பங்குனியில் பகல் 34, இரவு 24 என்றால் சராசரி 29, வரவு 16. அதே 390 இப்போது 24 நாளில் சேர்ந்துவிடும். என் உறவினர் மார்கழியில் விட்ட இருபது நாளில் புழுவுக்குக் கிடைத்தது 260 அலகு. பங்குனியில் விட்ட இருபது நாளில் 320. மருந்தடித்துச் சில நாள் கழித்து இட்ட முட்டையிலிருந்து வந்த புழு, முன்பு சிறியதாகவே அடுத்த மருந்துக்கு அகப்பட்டது; இப்போது அதற்குள் வளர்ந்து குருத்துக்குள் இறங்கிவிடுகிறது. குருத்தில் அவர் கண்ட எச்சம் அதன் அடையாளம்.

மூன்று டிகிரிதானே, ஆறு நாள்தானே என்று தோன்றலாம். பெருக்கம் என்பது வட்டிக்கு வட்டி என்பதால் அந்த ஆறு நாள் சிறியதல்ல. ஒரு பெண் அந்துப்பூச்சி தன் வாழ்நாளில் ஆயிரம் முட்டைக்கு மேல் இடக்கூடியது. அதில் 10 மட்டுமே பிழைத்து வளர்கின்றன, அவற்றில் பாதி பெண் என்று மிகக் குறைவாகவே வைப்போம். ஒன்று ஐந்தாகிறது. முட்டையிடத் தொடங்குவதற்கு முன் அந்துக்கு நான்கு நாள் என்று சேர்த்தால், நான்கு மாதத்தில் மார்கழிச் சூட்டுக்கு மூன்று தலைமுறை முடியும். பங்குனிச் சூட்டுக்கு நான்கு முடிந்துவிடும். மூன்று தலைமுறையில் ஒரு தாயிலிருந்து 125 பெண் அந்துகள். நான்கில் 625.

மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வேறுபாடு இன்னும் தெளிவானது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும். மணிமுத்தாறு அணையிலிருந்து மாஞ்சோலை, நாலுமுக்கு, குதிரைவெட்டி என்று ஏறிப் போகிறவர்கள் தோலில் உணர்வது இதைத்தான். கீழே 29 என்றால் மேலே 23. கணக்குக்காக அதே புழுவை மேலே கொண்டுபோய் விட்டால் நாளுக்கு வரவு 10 அலகுதான். 24 நாளில் முடிந்த தலைமுறைக்கு அங்கே 39 நாள் வேண்டும். அதற்குள் பறவை கொத்தும், எறும்பு இழுக்கும், மழை அடித்துப்போகும், ஒட்டுண்ணி முட்டை வைக்கும். மெதுவாக வளர்கிற பூச்சி அதிக நாள் ஆபத்தில் இருக்கிறது. குளிர்ந்த மலையில் பூச்சிச் சேதம் குறைவு என்றால் அதற்குக் குளிர் மட்டும் காரணமல்ல, குளிர் வாங்கித் தரும் அந்த அவகாசமும் காரணம்.

இவ்வளவும் படித்தால் "வெயில் ஏற ஏறப் பூச்சி பெருகும்" என்ற முடிவுக்கு வரத் தோன்றும். பேச்சிலும் செய்தியிலும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. மிச்சப் பாதிதான் திருநெல்வேலிச் சீமைக்கு மிகவும் தேவையானது.

சூட்டோடு வளர்ச்சி ஏறும் கோடு நேராகப் போய்க்கொண்டே இருப்பதில்லை. மெல்ல ஏறி ஓர் உச்சியைத் தொடும். அதற்கப்பால் இறங்குவது சரிவாக இல்லாமல் செங்குத்தாக இருக்கும். படைப்புழுவுக்கு வசதியான இடம் 26லிருந்து 30 வரை. குளிர்நாட்டுப் பூச்சி அந்த உச்சிக்கு வெகு தூரம் கீழே வாழ்கிறது. அதற்கு இரண்டு டிகிரி கூடினால் லாபம். நம் சமவெளிப் பூச்சி உச்சிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறது. இன்னும் இரண்டு டிகிரி கூடினால் அது விளிம்பைத் தாண்டி விழலாம். வெப்பமண்டலப் பூச்சிகளுக்கே சூடேற்றத்தால் ஆபத்து அதிகம் என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னதன் அடிப்படை இதுதான்.

விளிம்பில் முதலில் உடைவது உயிரல்ல, இனப்பெருக்கம். சாகாமல் நடமாடும் பூச்சி மலடாகிப் போயிருக்கும். மாவு டப்பாவில் ஓடும் செந்நிற மாவு வண்டைக் கொண்டு இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஐந்து நாள் 42 டிகிரி வெப்ப அலையில் இருந்த ஆண் வண்டுகள் பிழைத்துக்கொண்டன. ஆனால் அவற்றுக்குப் பிறந்த குஞ்சுகள் பாதியாகக் குறைந்தன. இரண்டாவது முறையும் அந்தச் சூட்டில் வைத்தபோது அவை கிட்டத்தட்ட முழு மலடாயின. பெண் வண்டு கலவிக்குப் பின் தன் உடம்பில் சேமித்து வைத்திருந்த விந்தும் சூட்டில் கெட்டது. அதோடு, அதிகச் சூட்டில் அவசரமாக வளர்ந்த பூச்சி பெரும்பாலும் உருவத்தில் சிறுத்திருக்கும்; சிறிய தாய்க்கு முட்டைகளும் குறைவு, ஆயுளும் குறைவு. வேகத்துக்கு அது கொடுக்கும் விலை அது.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சியின் நினைவு வந்தது. சித்திரை பிறந்ததும் வீட்டுப் பயறு வகைகள் எல்லாம் தட்டட்டிக்கு, அதாவது மொட்டை மாடிக்கு, ஏறிவிடும். பாசிப்பயறையும் தட்டாம்பயறையும் ஒரு விரல் கனத்துக்கு மேல் இல்லாமல் பரப்பி, உச்சிவேளையில் இரண்டு முறை கிளறிவிட்டு, சாயங்காலம் ஆறவைத்துத்தான் உள்ளே கொண்டுவருவார். துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பது தனி வேலை. பயறு வண்டு விதையின் மேலேயே முட்டையை ஒட்டிவைக்கும். குஞ்சு விதைக்குள் துளைத்துப் போய் உள்ளேயே வளரும். 30 டிகிரி வாக்கில் ஒரு மாதத்துக்குள்ளேயே அடுத்த வண்டு வெளிவந்துவிடும். மூடிய தானியக் குலுக்கைக்குள் இருக்கும் சூடு அதற்குச் சொர்க்கம். ஆனால் தட்டட்டித் தளம் சித்திரை மதியத்தில் 50 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டில் களஞ்சியப் பூச்சிகளில் பெரும்பாலானவை ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. மெல்லியதாகப் பரப்புவதும் கிளறுவதும் விதையின் உட்புறம் வரை சூடு இறங்குவதற்காக. ஆறவைப்பது, சூட்டோடு மூடினால் வேர்த்து ஈரம் கோத்துவிடும் என்பதற்காக. ஆச்சிக்கு அடிக்கோடும் உச்சியும் எண்ணாகத் தெரியாது. எந்தச் சூடு பூச்சியை வளர்க்கும், எந்தச் சூடு கொல்லும் என்பது கைக்குத் தெரிந்திருந்தது.

வயலுக்கு வருவோம். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். பிசானப் பயிரில் ஐப்பசி, கார்த்திகை மழை விட்டு ஈரமும் மிதமான சூடும் சேர்ந்து நிற்கும் நாட்களில் புகையான் என்ற பூச்சி தலையெடுக்கும். தண்டின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். வட்ட வட்டமாகப் பயிர் புகைந்தது போலக் காய்வதால்தான் அந்தப் பெயர். இதற்கு உகந்த சூடு 25லிருந்து 30 வரை. 35ஐத் தொட்டால் முட்டைகள் பொரிப்பது சரிந்துவிடுகிறது. அதன் உடம்புக்குள் ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன, நெற்சாற்றில் கிடைக்காத சத்தை அவைதான் சமைத்துக் கொடுக்கின்றன. சூட்டில் முதலில் சாவது அந்த நுண்ணுயிர்கள். சமையற்காரர் இல்லாத வீட்டில் பிள்ளை வளர்வது எப்படி?

அப்படியானால் வெளியே வெயில் கொளுத்தும்போதும் ஏன் சில வயல்களில் புகையான் வருகிறது? பாளையங்கோட்டை வானிலை நிலையத்துக் கருவி காட்டும் சூட்டில் புகையான் வாழவில்லை. நெருக்கி நட்டு, யூரியாவை அள்ளிக் கொட்டி, இலை மூடிப்போன வயலின் தூருக்கடியில் வெளியை விடச் சில டிகிரி குறைவு, காற்றும் இல்லை. அதற்கு வேண்டிய குளிர்சாதன அறையை நாமே கட்டிக் கொடுத்துவிடுகிறோம். எட்டு அடிக்கு ஒரு அடி இடைவெளி, அதாவது பட்டம், விட்டு நடச் சொல்வது இதனால்தான். பட்டத்தின் வழியே வெயிலும் காற்றும் தூர் வரை இறங்கினால், அந்த இடத்தின் சூடும் ஈரமும் மாறுகின்றன. நிலம் வீணாகிறது என்று பட்டம் விட மறுப்பவர்கள், அது வெயிலுக்கு விட்ட வழி என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துகிறது. சூடு கெட்ட பூச்சியை மட்டும் தேடிப் போய் அடிப்பதில்லை. இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குருத்துப் பூச்சிக்கும் எதிராக முட்டை ஒட்டுண்ணி அட்டைகளை வயலில் கட்டுகிறோமே, பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அதை அழிக்கும் அந்த ஒட்டுண்ணிக் குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. 35 டிகிரிக்கு மேல் அது அட்டையிலிருந்து வெளிவருவதே குறைகிறது, வந்ததும் நீண்ட நாள் நிற்பதில்லை. உச்சி வெயிலில் பஸ்ஸில் கொண்டுவந்து, வெயில் படும் இலையில் கட்டிவிட்டு, "ஒட்டுண்ணி வேலை செய்யவில்லை" என்று சொல்வது அதற்குச் செய்யும் அநியாயம். சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் கட்ட வேண்டும். புழுவை முட்டையிலேயே அழிக்கும் உயிர் புழுவுக்கு முன்பே வெக்கையில் சோர்ந்துவிட்டால், புழு தன் உச்சியைத் தாண்டாத நாட்களில் அதைத் தடுக்க வயலில் யாரும் இருக்க மாட்டார்கள்.

தேனீ இந்த விதியிலிருந்து தப்பியிருக்கிறது. கூட்டின் நடுவில் குஞ்சுகள் இருக்கும் இடத்தை 34, 35 டிகிரியிலேயே அது வைத்திருக்கும். குளிர்ந்தால் தசையை அதிரவைத்துச் சூடாக்கும். சூடேறினால் தண்ணீர் கொண்டுவந்து தெளித்துச் சிறகால் விசிறும். சில டிகிரி குறைவான சூட்டில் வளர்ந்த தேனீ, பூ இருக்கும் திசையைச் சொல்லும் ஆட்டத்தைச் சரியாக ஆடுவதில்லை என்று கண்டிருக்கிறார்கள். கோடையில் பெட்டி வைத்திருப்பவர்கள் பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வைப்பது இரக்கம் மட்டுமல்ல, அந்தக் கூட்டின் குளிரூட்டலுக்கே அதுதான் மூலப்பொருள்.

பூச்சியின் சூட்டுக் கணக்கு வயலோடு நிற்பதில்லை, வீட்டுத் தொட்டிக்கும் வருகிறது. 2012இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டம், குறிப்பாகக் கடையநல்லூர்ப் பகுதி, டெங்குவால் பட்ட பாட்டை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. குழாயில் தண்ணீர் சில நாளுக்கு ஒரு முறை வருகிற ஊரில் குடமும் தொட்டியும் நிறைந்தே இருக்கும். ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும். வெதுவெதுப்பான நாட்களில் பொரிந்த குஞ்சு ஏழு, எட்டு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். வாரம் ஒரு முறை தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்வதன் கணக்கு அதுதான். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது, தேய்க்க வேண்டும். சுவரில் ஒட்டிய முட்டை ஈரமில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

கொசுவின் வளர்ச்சியை விடவும் முக்கியமான இன்னொரு கடிகாரம் அதன் வயிற்றுக்குள் ஓடுகிறது. நோயாளியைக் கடித்த கொசு உடனே நோய் பரப்பாது. வைரஸ் அதன் குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர வேண்டும். 25 டிகிரியில் அதற்குச் சராசரியாகப் பதினைந்து நாள் பிடிக்கிறது. 30 டிகிரியில் ஒரு வாரம்கூட வேண்டியதில்லை. கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான் என்பதை நினைத்தால் இந்த வேறுபாட்டின் கனம் புரியும். முதல் கணக்கில் பெரும்பாலான கொசுக்கள் பரப்புவதற்கு முன்பே செத்துவிடும். இரண்டாவதில் செத்துவிடாது. டெங்கு பரவுவதற்கு மிக ஏற்ற சூடு 29 டிகிரி வாக்கில் என்றும், 34ஐ நெருங்கும்போது பரவல் விழுகிறது என்றும் கணித்திருக்கிறார்கள். ஆனால் தெருவில் 39 காட்டும் மே மாதத்தில்கூட, கட்டிலுக்கடியிலும் தொங்கும் துணிக்குப் பின்னாலும் கொசு தனக்கேற்ற நிழலைக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

சூட்டுக் கணக்குக்கு அடங்காத பூச்சிகளும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் கட்டுரை குறையாகும். மானாவாரி நிலக்கடலையைத் தின்னும் சிவப்புக் கம்பளிப்புழு கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் மாதக்கணக்கில் உறங்கும். கோடைச் சூடு எவ்வளவு சேர்ந்தாலும் எழாது. நல்ல மழை பெய்து மண் நனைந்தால்தான் அந்துகள் கிளம்பும். மழை பெய்த மாலை விளக்கைச் சுற்றும் ஈசலும் அப்படித்தான். சூடு வளர்ச்சியின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. புறப்படும் நேரத்தைச் சில உயிர்கள் மழையிடம் ஒப்படைத்திருக்கின்றன.

உலகம் சூடேறும்போது இதெல்லாம் எப்படி மாறும்? 2018இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, உலகச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் பூச்சிகளால் நெல், மக்காச்சோளம், கோதுமை இழப்பு 10 முதல் 25 சதவீதம் கூடும் என்று கணித்தது. அதே ஆய்வில் கவனிக்கத்தக்க ஒரு நுணுக்கம்: பெரும்பாலும் வெப்பநாடுகளில் விளையும் நெல்லில் மட்டும், மூன்று டிகிரிக்கு மேல் இழப்பு ஏறாமல் நின்றுவிடுகிறது, பூச்சிகளே உச்சியைத் தாண்டிவிடுவதால்.

ஆகவே நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு சூடு கூடியது" என்பது மட்டுமல்ல. எந்த மாதத்தில், பகலிலா இரவிலா என்பதே முக்கியம். வைகாசி மதியத்தில் இரண்டு டிகிரி ஏறினால் புழுவுக்குக் கஷ்டம். அதே இரண்டு டிகிரி மார்கழி இரவில் ஏறினால் பூச்சிக்குச் சேதாரம் ஏதுமில்லாத சுத்த வரவு. அன்றாட வரவு 13இலிருந்து 14 ஆகும். தலைமுறை 30 நாளிலிருந்து 28 நாளாகச் சுருங்கும். பகல் வெக்கையில் அடிபட்ட பூச்சி தேறுவது இரவுக் குளிரில்தான் என்பதால், கோடை இரவுகள் குளிராமல் போனால் கதை வேறு விதமாகவும் திரும்பலாம். செய்தித்தாளில் அதிகபட்ச வெப்பத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். பூச்சியின் கணக்குக்கு அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் குறைந்தபட்சமும் அதே அளவு வேண்டும்.

என் உறவினருக்கு நான் சொன்ன வழி எளியது. காட்டில், பெண் அந்தின் வாசனையைக் காட்டி ஆண் அந்துகளை இழுக்கும் ஓர் இனக்கவர்ச்சிப் பொறி. வீட்டுத் திண்ணையின் நிழலில், அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டும் ஒரு வெப்பமானி. ஒரு நாற்பது பக்க நோட்டு. பொறியில் அந்துகள் கணிசமாக விழும் நாளைப் பூஜ்யம் என்று குறித்துக்கொண்டு, தினமும் இரண்டு எண்ணையும் கூட்டிப் பாதியாக்கி, 13ஐக் கழித்து எழுதிவர வேண்டும். முட்டை பொரிக்கச் சுமார் 36 அலகு. பொரித்த புழு மூன்றாம் தோலுரிப்பு வரை வளர இன்னும் சுமார் நூறு. கூட்டுத்தொகை 135ஐ நெருங்கும் வரைதான் புழு சிறியது, மருந்துக்கு அகப்படும் இடத்தில் இருக்கும். அதற்கப்பால் குருத்துக்குள் இறங்கித் தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். மார்கழியில் அந்த 135 சேரப் பத்து நாளுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். பங்குனியில் எட்டரை நாள். பொறியில் அந்து விழும் நாளும் வெயிலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், போன ஆண்டு நோட்டை இந்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ள முடியாது என்றும் சொல்லியிருக்கிறேன். இந்த ஐப்பசியில் அவர் புது நோட்டு வாங்கியிருக்கிறார். முதல் பக்கத்தில் மூன்று நாள் எண்கள் ஏறியிருக்கின்றன. பொறியில் இன்னும் இரண்டு அந்துகள்தான் விழுந்திருக்கின்றன.